கடைசி வண்டிக்கும் ஒரு கொடி

கரிசல் பூமியில் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும் நாளில், ஓட்டமெல்லாம் ஓய்ந்து, வண்டிகளிலிருந்து மாடுகளை அவிழ்த்து, நுரை தள்ளிய வாயையும் புழுதி படிந்த முதுகையும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் வேளையில், கோவில் வாசலிலோ ஊர்ப் பொட்டலிலோ போட்டிருக்கும் மேடையில் பரிசளிப்பு ஆரம்பமாகிறது. முதலில் வந்த ஜோடியின் உரிமையாளரை ஊர்ப் பெயரோடு சேர்த்து ஒலிபெருக்கியில் அழைக்கிறார்கள்; ரொக்கம் கைமாறுகிறது; துண்டு போர்த்துகிறார்கள்; சாரதிக்கென்று தனியே ஒரு பரிசும், கொடிப் பரிசும் உண்டு; இரண்டாமவர், மூன்றாமவர், சில ஊர்களில் நான்காமவர் வரையில் இந்த மரியாதை நீளுகிறது. அத்துடன் மைக்கை அணைத்துவிடுகிறார்கள். எஞ்சிய ஜோடிகளின் சொந்தக்காரர்கள் வந்த வாகனத்திலேயே மாடுகளை ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுடைய சாரதிகள் வழியில் என்ன செய்தார்கள், எந்த இடத்தில் கயிறு நழுவிற்று, எவ்வளவு தூரம் மாட்டோடு ஓடி மீண்டும் வண்டியில் தாவி ஏறினார்கள் என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மேல்நாட்டு மோட்டார் பந்தயத்திலோ, பருவம் முடிந்த பிறகு வெற்றிக் கோப்பைகளுக்கு அப்பால் ஓட்டுநர்களுக்கும் அணிகளுக்கும் வேடிக்கையான விருதுகளை வழங்கிச் சிரித்து மகிழும் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அதிகமாக மோதியவருக்கு ஒன்று, அதிர்ஷ்டம் கைவிட்டவருக்கு ஒன்று, சாக்குச் சொல்வதில் சமர்த்தருக்கு ஒன்று என்று அது விரிகிறது. பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றும் இவ்வழக்கத்தில் விளையாட்டைப் பற்றிய ஓர் ஆழ்ந்த அறிவு அடங்கியிருக்கிறதென்பதும், அவ்வறிவு தமிழர்க்குப் புதியதன்று என்பதும், கரிசல் பந்தயங்களுக்கு அது இன்று மிகவும் வேண்டப்படுவதென்பதும் என் அபிப்பிராயம். அதை நிலைநாட்டுவதற்கு இரண்டு உலகங்களையும் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்பவர் குளத்தூரை அடைகிறார். அப்பால் வைப்பாறு, சூரங்குடி, வேம்பார் என்று கடலோரமாகவும், மேற்கே விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று உள்நாடாகவும் விரிந்து கிடக்கிறது கரிசல். மானாவாரி நிலம் இது. புரட்டாசி ஐப்பசியில் மழையை நம்பி விதைத்து, கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மிளகாயும் வீடு சேர்ந்த பிற்பாடு, தை பிறந்தது முதல் கோடை முழுவதும் நிலம் வெடித்துக் கிடக்கும் மாதங்களே இங்கே கொடை விழாக்களின் காலம். கொடை விழா என்றால் பல ஊர்களில் மாட்டு வண்டிப் பந்தயமும் உடன் வரும். மாடுகளின் உயரத்தையும் வயதையும் பல்லையும் பார்த்துப் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்றும், அதற்கும் சிறியவற்றைப் பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்றும் வகைப்படுத்துகிறார்கள். கிலோமீட்டர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பந்தயத்தின் தூரத்தை இன்னும் 'போக வர இத்தனை மைல்' என்றே சொல்கிறார்கள். புறப்படுகிற வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, ஊர் எல்லையில் வண்டிகளை நிறுத்தி, கொடியசைத்து விடுகிறார்கள்; எல்லையைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும்.

அந்தத் திருப்பத்தைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கே பந்தயத்தின் முழு ரசமும் விளங்கும். நேர்ச்சாலையில் மாட்டின் கால் பேசுகிறது. திருப்பத்தில் சாரதியின் கை பேசுகிறது. உட்புறத்து மாட்டை இழுத்துப் பிடித்து, வெளிப்புறத்து மாட்டைத் தட்டிவிட்டு, ஒரு சக்கரம் மண்ணைக் கௌவ மறு சக்கரம் தரையை விட்டு எழும்ப, கூடவந்த துணையாள் தன் உடம்பையே எடையாக்கித் தூக்கிய பக்கத்தில் தொங்க, வண்டி வளைகிறது. அதே கணத்தில் பின்னால் வருகிற வண்டியின் ஜோடி, திரும்ப மனமின்றி நேரே சாலையை விட்டு இறங்கிப் பருத்திமார் நிற்கும் காட்டுக்குள் நுழைந்துவிடலாம். வெடித்த கரிசலில் சக்கரம் பதிந்துவிட்டால் பிறகு மாட்டைக் கெஞ்சி, கொஞ்சி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னே நடந்து சாலையேற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அந்தச் சாரதி பந்தயத்தை விட்டுவிடுவதில்லை. ஒருவரும் எதிர்பார்த்து நிற்காத எல்லைக்கோட்டை நோக்கி, முழு வேகத்தில், கடைசியாக வருகிறார். எனக்குத் தெரிந்த வரையில் கூட்டத்தின் மிகப் பெரிய ஆரவாரம் சிலவேளை அவருக்கே கிடைக்கிறது. ஆரவாரம் மட்டுமே கிடைக்கிறது.

இத்தகைய சம்பவங்களைக் கண்டு சொல்லும் கண் இங்கே இல்லாமலில்லை. பந்தயத்தை ஒலிபெருக்கியில் வர்ணிப்பவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். ஓடுகிற மாட்டின் குலம் கோத்திரம், சாரதியின் பழைய சாதனைகள், சென்ற ஊரில் அவர் விழுந்த கதை, இந்த ஊரில் அவர் கட்டியிருக்கும் புதுத் துண்டு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். மேலும், பட்டப்பெயர் சூட்டுவதில் கரிசல் ஊர்களை மிஞ்ச முடியாது. ஒருவன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செய்த அசட்டுக் காரியத்தை ஊர் பிடித்துவைத்துக்கொண்டு, அவனுடைய இயற்பெயரை அவன் வீட்டாரே மறக்கும்படி, ஒரு சொல்லில் அதைச் சாசனமாக்கிவிடுகிறது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வழக்குச் சொல்லகராதியும், அவருடைய கதைகளில் பட்டப்பெயர்களாலேயே நடமாடும் மனிதர்களும், இந்தப் பிரதேசத்து மக்களின் இக்கலைக்குச் சாட்சி. பட்டப்பெயர் என்பது ஊர் கூடி வழங்கும் ஒரு விருது. அதற்கு மேடையில்லை, தேதியில்லை, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ஆகையால் ஹாஸ்யமும் இருக்கிறது, கூர்ந்த கவனமும் இருக்கிறது, அவற்றைப் பந்தயத்தோடு சேர்த்து ஓர் ஒழுங்கில் நிறுத்தும் ஏற்பாடுதான் இல்லை. ஒவ்வொரு ஊர்ப் பந்தயமும் தனித்தனியே தொடங்கித் தனித்தனியே முடிந்துவிடுவதால், ஊர் ஊராகச் சுற்றிவரும் அதே ஜோடிகளையும் அதே சாரதிகளையும் ஒரு பருவத்தின் கதையாகச் சேர்த்துப் பார்க்க எவருக்கும் சந்தர்ப்பம் ஏற்படுவதில்லை.

இனி மேல்நாட்டு வழக்கத்தைப் பார்ப்போம். ஃபார்முலா ஒன் பந்தயங்களை எழுதிவந்த பத்திரிகையாளர்கள், தங்களோடு நல்லபடி ஒத்துழைத்த ஓட்டுநருக்கு ஆரஞ்சுப் பரிசும், முகங்கொடுத்துப் பேசாத ஓட்டுநருக்கு எலுமிச்சைப் பரிசும் வழங்கிவந்தார்கள். இது ஓட்டத்தைப் பற்றியதன்று, குணத்தைப் பற்றியது. உலகப் புகழ் பெற்றவனுக்கும் நடத்தையில் புளிப்பு உண்டென்று சிரித்துக்கொண்டே சுட்டிக் காட்டுவது.

அதனினும் ஒரு படி மேலே சென்றது அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு ஜே லாம் என்பவர் தொடங்கிய 'லெமன்ஸ்' பந்தயம். பிரான்ஸ் தேசத்தின் புகழ்பெற்ற இருபத்துநான்கு மணி நேர ல மான் பந்தயத்தின் பெயரைப் பரிகாசமாகத் திருப்பி வைத்துக்கொண்ட இப்பந்தயத்தில், 500 டாலருக்கு மேற்படாத விலையுள்ள பழைய கார்களே ஓட வேண்டும். அதிகச் சுற்றுகள் ஓடிய அணிக்குப் பரிசு உண்டு. ஆனால் அங்கே யாவரும் விரும்புகிற உச்சப் பரிசு அதுவன்று. ஓடவே லாயக்கற்றதென்று எவரும் சொல்லக்கூடிய வண்டியை எடுத்துவந்து, அதைக்கொண்டு நம்ப முடியாத தூரத்தைக் கடந்து காட்டிய அணிக்கே அந்தப் பரிசு. பந்தயத்தின் நடுவில் இஞ்சின் சிதறிப்போக, இரவெல்லாம் கண்விழித்து, கைக்கு அகப்பட்ட சாமானைக் கொண்டு பழுது பார்த்து, மறுநாள் மீண்டும் ஓட்டத்தில் இறக்கியவர்களுக்கும் ஒரு பரிசு வைத்திருக்கிறார்கள். பரிசுத் தொகையைச் சில்லறை நாணயங்களாகவே எண்ணிக் கொடுப்பதும் அங்கே வேடிக்கையின் ஒரு பகுதி. கோமாளித்தனம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்பரிசுகளை யாருக்குக் கொடுப்பதென்று தீர்மானிக்கும் நடுவர்கள், முதலில் வந்த வண்டியைக் காட்டிலும் கடைசியில் வந்த வண்டியையே நாள் முழுவதும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். முதலிடத்தைக் கடிகாரம் சொல்லிவிடும். மற்றவற்றுக்கு மனிதக் கண் வேண்டும்.

கடைசி இடத்துக்குக் கௌரவம் செய்யும் வழக்கம் மோட்டாருக்கு முந்தியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத் தேர்வில் கௌரவப் பட்டம் பெற்றவர்களுள் கடைசி இடத்தவருக்கு மாணவர்கள் பெரிய மரக்கரண்டி ஒன்றைப் பரிசளித்தார்கள். தேர்ச்சி வரிசையை வெளியிடும் முறை நின்றுபோனதால் 1909ஆம் ஆண்டோடு அது முடிந்தது. பிரான்ஸைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தில், ரயில் வண்டியின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கின் பெயரையே கடைசி ஓட்டக்காரருக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இவ்விஷயத்தில் ஆராய்ச்சிக்கு மிகச் சிறந்த உதாரணம் இத்தாலியச் சைக்கிள் பந்தயமான ஜீரோவின் கறுப்புச் சட்டைதான். முதல்வருக்கு இளஞ்சிவப்புச் சட்டை அணிவிக்கும் அந்தப் பந்தயத்தில், 1946 முதல் 1951 வரையில் கடைசி இடத்தவருக்குக் கறுப்புச் சட்டை அணிவித்தார்கள். யுத்தம் முடிந்து வறுமையில் கிடந்த அந்நாட்டு ஜனங்கள், தங்களைப் போலவே பின்தங்கி வருகிறவனிடம் தனிப்பட்ட பரிவு கொண்டு, வழிநெடுகிலும் அவனுக்கு வெகுமதிகளைக் கொடுத்தார்கள். லூயிஜி மாலப்ரோக்கா என்ற ஓட்டக்காரர் 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அச்சட்டையை வென்றார். 1949இலோ சான்டே கரோலோ என்ற புதியவர் அவரைவிட மெதுவாக வரத் தலைப்பட்டார். மாலப்ரோக்கா விடுவாரா? களஞ்சியங்களிலும் மதுக்கடைகளிலும் ஒளிந்திருந்து நேரத்தைக் கழித்தார். இறுதி நாளில் அவர் செய்த தாமதம் அளவு கடந்துவிட்டது. எல்லைக்கோட்டை அவர் அடைந்தபோது காலம் குறிப்பவர்கள் போய்விட்டிருந்தபடியால், பெருங்கூட்டத்தோடு வந்தவராகக் கணக்கில் எழுதப்பட்டுக் கறுப்புச் சட்டையை இழந்தார். அந்த ஆண்டின் முதல்வர் ஃபௌஸ்டோ கோப்பி, சைக்கிள் உலகத்தின் மகா வீரர்களுள் ஒருவர். ஆயினும் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் மாலப்ரோக்காவின் கதையையும் சொல்லாமல் விடுவதில்லை. 1951இல் கறுப்புச் சட்டையைக் கடைசியாக அணிந்தவர் ஜொவானி பினரெல்லோ. மறுவருஷம் அணியில் தன் இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கும்படி அவருக்குத் தரப்பட்ட ஒரு லட்சம் லீராவைக் கொண்டு அவர் சைக்கிள் தொழிலில் இறங்கினார். அவர் பெயர் தாங்கிய சைக்கிளில்தான் 1990களில் மிகெல் இந்துரைன் பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கடைசியாக வந்தவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு எனக்குத் தெரியாது.

இதே கறுப்புச் சட்டையில் ஒரு தீங்கும் இருக்கிறது. அதை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. கடைசி இடத்துக்கே பரிசு என்று விதித்தால் மனிதர்கள் கடைசி இடத்துக்காகவே போட்டியிடுவார்கள், ஓட்டம் கெட்டுவிடும். நம் பள்ளி விளையாட்டு விழாக்களிலும் பொங்கல் விழாக்களிலும் நடக்கும் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி இதற்கு விலக்கு. காலைத் தரையில் ஊன்றாமல் கடைசியாக வருவதே அங்கே வித்தை. அதில் கடைசி என்பதே முதல். மற்றப் பந்தயங்களிலோ வேடிக்கைப் பரிசு இடத்தைப் பார்த்துக் கொடுக்கப்படலாகாது. செயலைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். முன்கூட்டி அறிவிக்கவும் கூடாது. நம் விழாக்களில் வழக்கமாயிருக்கும் 'ஆறுதல் பரிசு' இந்த இடத்தில்தான் குறைபடுகிறது. அது நல்ல மனத்தோடு தரப்படுவதே. ஆனால் பெறுகிறவர் என்ன செய்தார் என்பதை அறியாமலே அதைக் கொடுத்துவிடலாம். எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கையில் திணித்து, வந்ததற்கு வந்தனம் என்று அனுப்பிவைக்கும் மரியாதையில் இரக்கம் இருக்கிறது, பார்வை இல்லை.

தமிழிலக்கணம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலில், எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது நகை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் காரணமாகப் பிறக்கும் என்று ஆசிரியர் வகுத்திருக்கிறார். எள்ளல் என்பதற்கு உரை வகுத்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டபோது தானே நகுவதும் என்று அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். இந்தப் பாகுபாட்டின் நுட்பத்தை நான் எத்தனை முறை வியந்தாலும் தகும். வேடிக்கைப் பரிசுகளில் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய இதைவிட நேரான அளவுகோல் வேறில்லை. பரிசு பெறுகிறவன் மேடையேறித் தானும் சேர்ந்து சிரிக்கும்படி இருந்தால் அது இரண்டாவது வகை. அவன் தலைகுனிந்து நிற்க மற்றவர்கள் மட்டும் சிரித்தால் அது முதல் வகை, பரிசென்ற பெயரில் செய்யப்படும் அவமானம்.

இலக்கணத்தைவிட இலக்கியம் ஒரு படி நெருங்கி வருகிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய ஆயுதசாலையைக் கண்டு பாடிய புறநானூற்றின் 95ஆம் பாட்டு, வஞ்சப் புகழ்ச்சிக்கு உதாரணமாகப் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தரப்படுகிறது. தொண்டைமானின் வேல்கள் அலங்காரத்தோடு அரண்மனையில் பத்திரமாக இருப்பதையும், தம் தலைவனுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் எதிரெதிரே நிறுத்துகிறார் அவர். பாராட்டைப் போல் ஒலித்துத் தொண்டைமானைக் குத்துவது அதன் ஒரு பாதி. அந்தப் பாதியைத்தான் நாம் வழக்கமாகப் போற்றுகிறோம். மற்றப் பாதியோ, முறிந்துபோன கருவிக்கு அளிக்கப்பட்ட விருது. பளபளப்பை விட்டுவிட்டு உழைத்துத் தேய்ந்ததையும் உடைந்ததையும் தேடி வந்து மாலையிட்ட முதல் நடுவர் ஔவையார் என்று நான் துணிந்து சொல்வேன். அமெரிக்காவில் இரவெல்லாம் பழுது பார்த்த அணிக்குப் பரிசு கொடுக்கிறவர்களுக்கும், அச்சு முறிந்த பந்தய வண்டியைக் கொல்லன் உலையில் போட்டு மறு ஊர்ப் பந்தயத்துக்கு ஓட்டிச் செல்லும் குளத்தூர்ப் பக்கத்துச் சாரதிக்கும் நடுவே அந்தப் பாட்டு நிற்கிறது.

தமிழ்நாட்டு மோட்டார் பந்தயத்தின் வரலாற்றிலும் இவ்வகைப் பரிசுக்கு உரியவர்கள் உண்டு. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு பாதையை அமைத்துக்கொண்டது. அந்தப் பரம்பரையில் வந்தவர்களுள் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில், மிஷ்லின் டயர்களின் பாதுகாப்பைப் பற்றிய தகராறினால் 14 கார்கள் ஓட்டம் தொடங்கும் முன்பே விலகிக்கொள்ள, எஞ்சிய ஆறே கார்கள் ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்து, பந்தயப் புள்ளிகள் பெற்ற முதல் இந்தியர் என்ற பெயரையும் அவர் பெற்றார். மூன்றாவதாக வந்த அவருடைய அணித் தோழர் டியாகோ மோன்டெய்ரோ, வென்ற ஃபெராரி ஓட்டுநர்கள் இருவரும் சுரத்தின்றி மேடையை விட்டு இறங்கிய பிறகும் தனியே நின்று ஆனந்தித்தார். ஏளனம் செய்ய விரும்புகிறவர்களுக்கு இது வாய்ப்பான நிகழ்ச்சி. ஆனால் அந்த அறுவரும் ஓடியிராவிட்டால், காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு முன்னால் பந்தயமே இருந்திராது. ஓடி முடித்தவர் என்ற ஒரு காரணத்துக்காகவே கார்த்திகேயனுக்கு விருது ஒன்று செல்லும்.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கின் கதை இதனினும் ரஸமானது. 2010 மார்ச்சில் பஹ்ரைனில் அவருடைய முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். அவர் ஓட்ட வேண்டிய கார், பந்தயம் நடக்கும் இடத்தில்தான் பூட்டி முடிக்கப்பட்டது. பயிற்சி ஓட்டங்கள் எல்லாம் கைநழுவிப் போக, அந்தக் காரை முதன்முதலாக அவர் பாதையில் ஓட்டிப் பார்த்ததே தகுதிச் சுற்றில்தான். மறுநாள் பந்தயம் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் அவருடைய ஓட்டம் முடிந்துபோயிற்று. முடிவுப் பட்டியலில் அதற்கு ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குள், கார் கொட்டகையில் உறங்காமல் திருகாணி முடுக்கிய மெக்கானிக்குகளும், தெரியாத வண்டியில் உலகத்தின் மிக வேகமான ஓட்டுநர்களின் நடுவே இறங்கிய ஒரு வாலிபனின் துணிவும் மறைந்து கிடக்கின்றன. நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது, வேறொரு பிரிவில் பந்தய உணர்வுக்கான பரிசும் அவருக்குக் கிடைத்தது; தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டையும் ஒரே மகிழ்ச்சியோடு வெளியிட்டன. இடத்துக்கு ஒரு பரிசும் குணத்துக்கு ஒரு பரிசும் என்ற எண்ணம் நம் ஜனங்களுக்கு எவ்வளவு இயல்பாக ஒத்துப்போகிறதென்பதற்கு இது போதும்.

மாட்டு வண்டியில் ஒரு வித்தியாசம் உண்டு. மோட்டாருக்கு நோவில்லை, மாட்டுக்கு உண்டு. 2014 மே 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்ததற்கு ஆதாரமாயிருந்தது அந்த நோவே. 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தமும், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகியவை கொண்டுவந்த திருத்தங்களும் செல்லும் என்று 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு கூறிய பிறகும், இந்தப் பந்தயங்களின் மேல் நாட்டின் கண் இருக்கிறது. இருக்க வேண்டியதும் நியாயமே. ஆகையால் நம் வேடிக்கைப் பரிசு எதுவும் மாட்டின் துன்பத்தைச் சிரிப்புக்குப் பொருளாக்கலாகாது. வாலை முறுக்கியவனையும் தார்க்குச்சியில் ஆணி வைத்தவனையும் மேடையேற்றிச் சிரிப்பது குற்றத்துக்கு உடந்தையாவதாகும். அவனை விலக்கி வைப்பதே முறை. அதற்கு மாறாக, சாட்டையை இடுப்பிலேயே சொருகிக்கொண்டு வாய்ப்பேச்சாலேயே போக வர முழுத் தூரத்தையும் ஓட்டி, அதனாலேயே ஐந்தாவதாக வந்த சாரதி ஒருவர் இருப்பாராயின், அவரைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு இப்படி ஒரு பரிசை விட்டால் வேறு வழியே கிடையாது. முதல் மூன்று இடங்களுக்கே பணம் என்றிருக்கும்வரை மாட்டை வருத்துவதற்குத் தூண்டுதலும் இருக்கும். நான்காவதும் பதினான்காவதும் பேசப்படும் என்ற நிலை வந்தால் அந்தத் தூண்டுதல் கொஞ்சமாவது குறையும்.

நான் சொல்வதைக் காரியத்தில் கொண்டுவருவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர்ப் பக்கத்து விழாக் கமிட்டியார்கள் ஆவணிக் கடைசியில், விதைப்பு வேலை தலைக்குமேல் வருவதற்கு முன்னே, ஒரு நாள் ஓரிடத்தில் கூடினால் போதும். பருவம் முழுவதும் ஊர் ஊராகச் சென்று ஒலிபெருக்கியில் வர்ணித்தவர்களையே நடுவர்களாக வைக்கலாம். எல்லா வண்டிகளையும் பார்த்தவர்கள் அவர்களே. காட்டில் இறங்கிய வண்டியைத் தளராமல் சாலையேற்றி வந்தவருக்கு ஒரு கொடி. கீழே விழுந்த சாரதிக்காகக் காத்திராமல் தாமே எல்லையைத் தொட்டுத் திரும்பி வந்த ஜோடிக்கு ஒரு மூட்டை பருத்திக்கொட்டை, அதை மாட்டுக்குத் தம் கையாலேயே ஊட்டுகிற உரிமை அந்தச் சாரதிக்கு. அச்சு முறிந்தும் பருவத்தை விடாமல் ஓடிய வண்டிக்காகக் கொல்லருக்கும் தச்சருக்கும் மேடையில் முதல் துண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பக்கத்திலேயே இருக்கும்போது பரிசுப் பண்டத்துக்கும் பஞ்சமில்லை. யாருக்கு எதற்காக என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும் என்பது மட்டும் என் கட்டாயமான வேண்டுகோள், ஏனெனில் பந்தய மாடுகளைப் பற்றியும் சாரதிகளைப் பற்றியும் இந்தப் பிரதேசத்தில் வாய்வார்த்தையாக உலவுகிற அளவற்ற செய்திகள் சொன்னவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

விழாக் கமிட்டியில் இருக்கும் அன்பர்கள் வருகிற கோடையில் நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுக்கும்போது, பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்ற பரிசு விவரங்களுக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் விடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அந்த வரியில் என்ன போட வேண்டுமென்பதை அச்சகத்தாரிடம் சொல்வதற்கு முன், சென்ற ஆண்டு தங்கள் ஊரில் கடைசியாக வந்த சாரதியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.